சாரின் அறுபதாம் கல்யாணம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ப்ளஸ் டூ வரை படித்தவள். அதிலும் கணக்கில் இரண்டாவது தடவை எழுதித்தான் தேறினேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்தால் எனக்குக் காது சூடாகிவிடும். அப்படிப்பட்டவள் விண்வெளி ஆராய்ச்சியைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். ஆனால் இதை எழுத வேண்டியவர் எழுத மாட்டார். கேட்டால், "பெரிசா என்ன நடந்துடுத்து?" என்பார். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். படித்தவர்கள் இதில் தப்பு ஏதாவது கண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அகத்துக்காரர் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்தார். எம்.இ. முடித்த கையோடு ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று இருந்தவர். அந்த வருஷம் பார்த்து மாமனார் பரமபதித்துவிட்டார். வீட்டுக்கு ஒரு சம்பளம் வேண்டியிருந்தது, வேலைக்குப் போனார். வெளிநாட்டு வங்கி ஒன்றுக்குப் புரோகிராம் எழுதும் வேலை. ஒருமுறை அவரே சொன்னார்: "நான் எழுதறது சரியா இருந்தா நான் இருக்கறதே யாருக்கும் தெரியாது. தப்பாப் போனாத்தான் என் பேரு எல்லாருக்கும் ஞாபகம் வரும்." சலித்துக்கொண்டாரா, பெருமைப்பட்டாரா என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டோம். சித்திரை வீதிக்குப் பின்னால் மாமனார் வாங்கிப் போட்ட சின்ன ஃபிளாட். எங்களுக்குக் குழந்தை இல்லை, அதனால் இடம் போதும். பிறகு கம்பெனி திரும்பக் கூப்பிட்டபோது இவர் போகவில்லை. நான் அடுக்களையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். வாசற்படியில் வந்து நின்று, "ரிசைன் பண்ணிட்டேன். பிஎச்.டி. சேரப்போறேன்" என்றார். பண்ணப்போகிறேன் இல்லை, பண்ணிவிட்டேன். கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். எதற்கும் சரி சொல்கிறவள்தானே. ஆனாலும் கேட்டிருக்கலாம்.

ஃபிளாட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தபோது மேல் வீட்டு மாமி லிஃப்டில் வைத்துக் கேட்டாள்: "உங்காத்துக்காரர் படிக்கறாராமே, எத்தனாங் கிளாஸ்?" லிஃப்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பிறகு கொஞ்ச நாள் படியில் இறங்கிப் போனேன்.

அவர் எதை ஆராய்ச்சி செய்யப்போகிறார் என்று எனக்கு ஒரு நாள் காட்டினார். ஊஞ்சல் கொக்கியில் சணல் கட்டி, அதில் அப்பள சம்படத்தைத் தொங்கவிட்டு, முறுக்கி விட்டார். அது கன்னாபின்னாவென்று சுற்றியது. செயற்கைக்கோளில் சின்னது இருக்கிறதாம், டிபன் கேரியர் அளவுதானாம். ராக்கெட்டிலிருந்து வெளியே தள்ளியதும் அது இப்படித்தான் சுற்றுமாம். அங்கே கை நீட்டிப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது. பூமியின் காந்த சக்தியைப் பிடித்துக்கொண்டு அதுவாகவே நின்றாக வேண்டும். அதற்காக உள்ளே மூன்று கம்பிச்சுருள்கள் வைப்பார்கள். "மூணுல ஒண்ணு செத்துப்போச்சுன்னு வச்சுக்கோ. மிச்சம் ரெண்டை வச்சுண்டு நிறுத்த முடியுமா? அதுதான் என் கேள்வி" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்தபிறகுதான் எனக்கும் கோபம் போயிற்று.

அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவரை எல்லோரும் சார் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். திருச்சியில் பெரிய கல்லூரி ஒன்றில் பேராசிரியர். எங்களவர்தான், ஐயங்கார். விஜயதசமியன்று தட்டில் பழம், வெற்றிலை, வேஷ்டி எல்லாம் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். இருவரும் தரையில் விழுந்து சேவித்தோம். சார் ரொம்பச் சந்தோஷப்பட்டார். "சாஃப்ட்வேர்ல பதினஞ்சு வருஷமா? பெருமாளே பார்த்து அனுப்பிச்சிருக்கார்" என்றார். ஆசீர்வாதம் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. அவர் எதைச் சொன்னார் என்று இப்போது புரிகிறது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆசார்யன் என்று ஒருவரை ஏற்றுக்கொண்டால் அவரிடம் ஏன் என்றும் எப்போது என்றும் கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவர் சொல்வது நியமனம். அவர் நினைப்பது திருவுள்ளம். நமக்கு என்ன, எப்போது வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இது கோயிலிலும் மடத்திலும் சரியாக இருக்கலாம், எனக்குத் தெரியாது. இவர் அதைக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். லேபில் சார் ஒரு வேலை சொன்னால் வீட்டில் வந்து "சார் நியமனம்" என்றே சொல்வார். சம்பளம் வாங்கிக்கொண்டு பாடம் சொல்லும் ஒருவரை ஆசார்ய பீடத்தில் உட்கார வைத்துவிட்டோம். நானும் சேர்ந்துதான் வைத்தேன்.

நியமனங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. "நீதான் சாஃப்ட்வேர் ஆளாச்சே" என்று ஆரம்பிக்கும். சாருடைய வேறொரு ப்ராஜெக்டுக்குப் புரோகிராம் எழுத வேண்டும். வேறு மாணவருக்கு எழுதித் தர வேண்டும். சாருடைய மாப்பிள்ளை பெங்களூரில் ஏதோ ஆரம்பிக்கப்போகிறார், அதற்கும் கொஞ்சம் எழுத வேண்டும். எதை விட்டு ஓடி வந்தாரோ அதையே இங்கே உட்கார்ந்து எழுதினார். அங்கேயாவது ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டார்கள்.

அதோடு ஸ்ரீரங்கத்தில் வீடு இருப்பதற்கு உண்டான தண்டனை வேறு. சாருடைய சம்பந்தி வருகிறார், சேவை பண்ணி வைக்க வேண்டும். மேலதிகாரியின் குடும்பம் டெல்லியிலிருந்து வருகிறது, கூட்டமில்லாமல் பெருமாளைப் பார்க்க வேண்டும். வைகுண்ட ஏகாதசி வந்தால் எங்கள் ஃபிளாட் சத்திரமாகிவிடும். சாரின் மனைவி எனக்குப் போன் செய்து, "ஏண்டிம்மா, உன் கைப் புளியோதரை மாதிரி யாருக்கு வரும்? ஒரு இருபது பேருக்குப் பண்ணிடேன்" என்பாள். மாமி கெட்டவள் இல்லை. கேட்டால் செய்வோம் என்று அவளுக்குத் தெரியும், கேட்டாள்.

இதற்கு நடுவில்தான் இவர் தன் சொந்த வேலையையும் செய்தார். ஒரு நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். திரையில் ஒரு பெட்டி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் ஒரு பக்கம் சிவப்பு, செத்துப்போன சுருள் அது என்றார். பெட்டி நீல நிறத்தில் இருந்தது. பின்னால் இருட்டாக இருந்ததால் கண்ணுக்கே தெரியவில்லை, மஞ்சளாக மாற்றுங்களேன் என்றேன். உடனே மாற்றினார். மஞ்சள் பெட்டி சுற்றிச் சுற்றி, மெள்ள மெள்ள வேகம் குறைந்து, ஒரு தள்ளாட்டம் தள்ளாடி நின்றது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து போய் அக்காரவடிசில் பண்ணினேன்.

லேபில் லால்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். நெல் விவசாயம் செய்கிற குடும்பம், தினமும் ரயிலில் வந்து போவாள். இவருக்குப் பிறகு சேர்ந்தவள். அவளுடைய ஆராய்ச்சிக்கும் இவர்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்தார். அவள் சாரிடம் எதையும் வாயால் மட்டும் கேட்டுவிட்டு வர மாட்டாள். பேசியதை அன்றைக்கே மெயிலில் எழுதி அனுப்பிவிடுவாள், இன்ன தேதிக்குள் பார்த்துத் தருவதாகச் சொன்னீர்கள் என்று. இவருக்கு அது பிடிக்கவில்லை. "குருகிட்ட தேதி கேக்கறதா?" என்று என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். அவள் தீசிஸ் கொடுத்து, டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டாள். ஸ்வீட் பாக்ஸோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இவர் இல்லாத நேரத்தில் அடுக்களைக்கு வந்து என்னிடம் சொன்னாள்:

"அக்கா, உங்க வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தது இல்லேன்னா எனக்கு இந்தப் பட்டமே இல்ல. அவர் இன்னும் ஏன் உட்கார்ந்திருக்காருன்னு லேப்ல எல்லாரும் கேக்கறாங்க. பெரியவர் ரிட்டயர் ஆகறதுக்குள்ள கையெழுத்து வாங்கிடச் சொல்லுங்க. அப்புறம் வேற கைடு, வேற கதை."

அப்போதுதான் எனக்கு அந்தக் கணக்கு தெரிந்தது. சாருக்கு அறுபது முடிகிற கல்வி வருஷத்தோடு ஓய்வு. ஓய்வுக்கு முன்னால் இவருடைய ஆராய்ச்சிச் சுருக்கத்தில் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் மீதி எல்லாம் தானாக நடக்கும். இல்லாவிட்டால் புதிதாக ஒருவர் கையில் போய் மாட்ட வேண்டும். எல்லாம் எழுதி முடித்துச் சார் மேஜையில் வைத்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. நான் கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி நானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. "சஷ்டியப்தபூர்த்தி முடியட்டும்னு திருவுள்ளம். முடிஞ்ச உடனே போட்டுத் தரேன்னுட்டார்" என்றார்.

அந்தச் சஷ்டியப்தபூர்த்தி ஸ்ரீரங்கத்தில்தான் நடக்க வேண்டும் என்பதும் சாரின் திருவுள்ளம். அதனால் மண்டபம், வாத்தியார், சமையலுக்குத் தளிகைக்காரர், பூ, வெளியூர்க்காரர்களுக்கு ரூம், கோயில் சேவை எல்லாம் எங்கள் தலையில் வந்தது. நான் மறுக்கவில்லை. சொல்லப்போனால் ஆசையாகவே செய்தேன். ஒவ்வொன்றும் அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிற மாதிரி இருந்தது. காந்தி மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் இருவரும் போனோம். வழக்கமாக வாங்கும் கடைக்காரர் வாழைக்காய்த் தாரை இறக்கியபடி கேட்டார்:

"என்னம்மா, வீட்ல விசேஷமா?"

"சாருக்கு அறுபதாம் கல்யாணம்."

அவர் இவரை மேலும் கீழும் பார்த்தார். "பார்த்தா தெரியலையே. ஐம்பதுகூட சொல்ல முடியாது."

"இவருக்கில்லை. இவரோட சாருக்கு."

"இவருக்கு ஒரு சாரா?" என்று கேட்டுவிட்டு, சிரிக்காமல் இருப்பதற்காகத் தாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூட்டை தூக்குகிறவர் மட்டும் சிரித்துவிட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு கொத்தவரங்காயைப் பொறுக்கினார்.

விசேஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் நிறைந்துவிட்டது. கலசத் தீர்த்தம் கொட்டினார்கள், மாமி கூறைப்புடவை மாற்றிக்கொண்டு வந்தாள், திருமாங்கல்யம் ஆனது. இவர் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்று வருகிறவர்களை அழைத்துக்கொண்டிருந்தார். சார் யாரிடமோ இவரைக் காட்டி, "இவன்தான் நம்மாத்து சாஃப்ட்வேர் பையன்" என்றார். பையனுக்கு நாற்பத்தைந்து முடிந்திருந்தது, காதோரம் முழுக்க நரை.

சாப்பாட்டுக்கு முன்னால் சாருடைய மாப்பிள்ளை மைக்கைப் பிடித்தார். மாமனாருக்கு அறுபதாம் கல்யாணப் பரிசு ஒன்று கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். மாமனாரின் வாழ்நாள் ஆராய்ச்சியை வைத்துப் புதுக் கம்பெனி ஆரம்பித்திருக்கிறாராம், சார் ஓய்வு பெற்றதும் அதற்குத் தலைவராகிறாராம். மேடைக்குப் பக்கத்தில் பெரிய டி.வி. ஒன்றை வைத்து ஒரு படத்தைப் போட்டார். இருட்டில் ஒரு மஞ்சள் பெட்டி சுற்றியது. ஒரு பக்கம் சிவப்பு. சுற்றிச் சுற்றி, வேகம் குறைந்து, ஒரு தள்ளாட்டம் தள்ளாடி நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். கடைசியில் சார் பெயரும் மாப்பிள்ளை பெயரும் வந்தன. வேறு பெயர் இல்லை.

நான் தாம்பூலப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினேன். வாசல் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் இவர் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சாரிடம் போனார். நான் நின்ற இடத்துக்கு அவர்கள் பேசியது கேட்டது.

"ஏண்டா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"சார், இப்ப போட்டது... என் தீசிஸ்ல இருக்கறது."

"உன்னோடதுதான், யாரு இல்லேன்னா? ஆனா இப்ப அது கம்பெனி விஷயமாயிடுத்து. தீசிஸ்ல போட்டா ஊருக்கே தெரிஞ்சு போயிடும். நீ வேற ஏதாவது எடுத்துக்கோ. எனக்கப்புறம் வரவர்கிட்ட சொல்லி வைக்கறேன். உனக்கென்ன, சாஃப்ட்வேர்காரன், ஒரு வருஷத்துல தட்டிப் போட்டுடுவே."

இவர் சந்தனம் ஒட்டியிருந்த விரலை மேல்துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரி சார்" என்றார்.

சத்தமாகச் சண்டை போட வேண்டாம். அதற்கு நான் அவரைக் கட்டிக்கொள்ளவில்லை. ஆனால் "சரி"க்கும் சண்டைக்கும் நடுவில் எத்தனையோ வார்த்தைகள் இருக்கின்றன. சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜரிடம் இங்கிலீஷில் எவ்வளவு விறைப்பாகப் பேசுவார் என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டிருக்கிறேன். அந்த மனிதரை இங்கே நாங்களே விழுந்து விழுந்து சேவித்துக் காணாமல் போக்கிவிட்டோம்.

லால்குடிப் பெண்ணும் வந்திருந்தாள். டி.வி.யில் ஓடியதை அவளும் பார்த்துவிட்டாள். கை அலம்பும் இடத்தில் இவரைப் பிடித்து, "சார், காலேஜ் ஆபீஸ்ல புகார் எழுதிக் கொடுங்க. இது உங்களோடதுன்னு நான் வந்து சொல்றேன். என்கிட்ட பழைய மெயிலெல்லாம் இருக்கு" என்றாள். தாழ்ந்த குரலில்தான் சொன்னாள், ஆனால் கண் சிவந்திருந்தது. இவர் கையைத் துடைத்துக்கொண்டு, "வேண்டாம்மா. பெரியவர் மேல எழுதினா நன்னா இருக்காது" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல முடியும்? எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் புளியோதரைதான்.

பந்தி முடிந்ததும் வந்திருந்த தம்பதிகள் சாரையும் மாமியையும் சேவித்து அட்சதை வாங்கிக்கொள்ள வரிசையில் நின்றார்கள். வயதில் சின்னவர்கள் இப்படி ஆசி வாங்கிக்கொள்வது வழக்கம். மாமி எங்களைப் பார்த்துவிட்டு, "வாங்கோ வாங்கோ, ரெண்டு பேரும் முன்னாடி வாங்கோ. எல்லாம் நீங்க ரெண்டு பேரும்தானே எடுத்துக் கட்டிப் பண்ணினேள்" என்று கூப்பிட்டாள். இவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

விழ வேண்டாம் என்று முடிவு செய்து நிற்கவில்லை. உடம்பு குனியவில்லை, அவ்வளவுதான். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"ஏண்டிம்மா, முட்டி வலியா?" என்று மாமி கேட்டாள். நான் தப்பித்துக்கொள்ள நல்ல மனதோடு அவள் திறந்துவிட்ட கதவு அது.

"இல்லை மாமி. முட்டி நன்னாத்தான் இருக்கு" என்றேன்.

மாமியின் கையில் அட்சதை அப்படியே நின்றது. சார் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அவருக்குப் புரிந்தது. புரிந்த முகத்தை உடனே மாற்றிக்கொண்டு, அட்சதையை இவர் முதுகில் மட்டும் போட்டு, "தீர்க்காயுசா இரு" என்றார். இவர் எழுந்து, நெற்றியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். நான் நின்றுகொண்டிருந்தது அவருக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது.

பாத்திரங்களை எண்ணிக் கொடுத்து, மண்டபத்தைப் பெருக்கச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினோம். பாதி தூரம் வந்ததும் இவர், "நீ சேவிச்சிருக்கலாம்" என்றார்.

"நீங்க சேவிச்சது போறலையா அவருக்கு?"

"ஊர் முன்னாடி அவருக்கு அவமானமாப் போச்சு."

"உங்களுக்கு?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒருமுறை எங்களைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சார் மேல் இருந்ததைவிட அவர் மேல்தான் எனக்குக் கோபம் அதிகமாக இருந்தது. இதை எழுதும்போதும் அது முழுக்கப் போகவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. மாப்பிள்ளையின் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததில் ஏதோ ஒன்று ஓடவில்லை என்று காலையில் சாரிடமிருந்து போன் வந்தது. இவர் தயிர்சாதம் கட்டிக்கொண்டு வழக்கமான பஸ்ஸில் லேபுக்குப் போய், அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்தார்.